அளத்தலும் மதிப்பிடுதலும்: இயன்முறை மருத்துவ உதவியாளர் பயிற்சியில் நோயாளி அளவீட்டுத் திறன்கள் – நாட்றாம்பாளையம் எல்லைப் பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இயன்முறை மருத்துவத்தில் நோயாளியின் மூட்டசைவு, தசை வலிமை, வலி, நடை, அன்றாடச் செயல்திறன் ஆகியவற்றை அளந்து பதிவு செய்வது அடிப்படைப் பணியாகும். மருத்துவருக்கு உதவியாக இருப்போர் இப்பணியைக் கற்கும்போது அளவீடு, மதிப்பீடு என்னும் இரண்டையும் வேறுபடுத்தி அறிய வேண்டியுள்ளது. அளவீட்டுத் திறன்களின் உட்கூறுகளையும் அவற்றில் நேரும் பிழைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. தமிழகத் தொழுநோய் மறுவாழ்வுப் பணியின் வரலாற்றையும், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தையும் சான்றாகக் கொண்டு, தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மொழிகள் கலந்து வழங்கும் எல்லைப் பகுதியில் உடலுறுப்புப் பெயர்களும் வலிச் சொற்களும் அளவீட்டின் துல்லியத்தை எவ்வாறு பாதிக்கின்றன என்பதையும் ஆராய்கிறது.

முக்கியச் சொற்கள்: இயன்முறை மருத்துவம், அளவீடு, மதிப்பீடு, கோணமானி, தசை வலிமை, வலிச் சொற்கள், எல்லைப்புறத் தமிழ்.

முன்னுரை

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பெற்றது. இதன் மேற்கெல்லை கருநாடகத்தைத் தொட்டு நிற்கிறது. ஓசூர்ப் பகுதி தொழிற்சாலைகளால் அறியப்படுகிறது. அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் செல்லும் வழியில் உள்ள நாட்றாம்பாளையமோ மலையும் காடும் சூழ்ந்த ஊர். ஒரே மாவட்டத்திற்குள் இருப்பினும் இவ்விரு பகுதிகளின் மருத்துவத் தேவைகளும் மருத்துவத்தை அடையும் வழிகளும் வேறுபட்டவை. பக்கவாதத்தால் படுக்கையில் இருப்பவரோ, முழங்கால் தேய்ந்த முதியவரோ வாரந்தோறும் பேருந்தேறி மருத்துவமனைக்குச் செல்வது மலைக்கிராமங்களில் எளிதன்று.

இத்தகைய நிலையைக் கருதியே தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 5.8.2021 அன்று இதே மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கி வைக்கப்பெற்றது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளை வீட்டிற்கே வழங்குவதோடு, நோய்த் தணிப்புப் பராமரிப்பும் இயன்முறை மருத்துவமும் இல்லம் தேடிச் செல்வது இத்திட்டத்தின் கூறுகளாகும். மருத்துவம் வீட்டிற்கு வரும்போது அளவீடும் வீட்டிற்கு வருகிறது. மருத்துவமனையின் சமதளத் தரையும் உயரம் சீரான கட்டிலும் அங்கே இரா. அளப்பவரும் எல்லா நேரத்திலும் பட்டம் பெற்ற இயன்முறை மருத்துவராக இருப்பதில்லை. தன்னார்வலர், செவிலியர், பயிற்சி மாணவர், குடும்பத்தினர் எனப் பலரும் நோயாளியின் நிலையைக் கண்டு சொல்ல வேண்டியவராகின்றனர். ஆகவே, உதவியாளர் நிலையில் இருப்போர் எதனை, எவ்வாறு அளக்கக் கற்க வேண்டும் என்னும் வினா இப்பகுதிக்கு நேரடியாகப் பொருந்துகிறது.

அளவீடும் மதிப்பீடும்

திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் 949ஆம் குறள், நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் எண்ணி மருத்துவம் செய்ய வேண்டும் என்கிறது. அடுத்த குறள் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உழைச்செல்வான் என நான்காகப் பகுக்கிறது. நோயாளியின் அருகிருந்து பணிபுரிபவரே உழைச்செல்வான். அளவு பற்றிய குறளை அடுத்தே உதவியாளரையும் மருத்துவத்தின் உறுப்பாக வைக்கும் குறள் அமைந்திருப்பது இங்குக் கருதத்தக்கது.

இக்காலத் தொழிற்பகுப்பில் உதவியாளரின் எல்லை தெளிவாக வரையறுக்கப்பட்டுள்ளது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இயன்முறை மருத்துவ உதவியாளருக்கான முதல் இரு பயிற்சித் திட்டங்கள் 1967இல் தொடங்கின. 1969இல் முதல் அணியாக 15 பேர் படிப்பை நிறைவு செய்தனர். அங்கு உதவியாளர் அளவுகளைத் திரட்டலாம். அவ்வளவுகளின் பொருளைத் தீர்மானிப்பதும், நோய்நிலையை முடிவு செய்வதும், சிகிச்சைத் திட்டத்தை வகுப்பதும் இயன்முறை மருத்துவருக்கே உரியன. முழங்கால் 95 பாகை மடங்குகிறது என்பது அளவீடு. அது போதுமா, ஏன் அதற்கு மேல் மடங்கவில்லை, இனி என்ன செய்வது என்பன மதிப்பீடு.

இவ்வேறுபாட்டைக் கொண்டு உதவியாளரின் பணியைச் சிறியதென எண்ணுதல் தவறாகும். அளவு பிழையானால் அதன்மேல் எழும் மதிப்பீடும் பிழையாகும். மேலும், எந்த அளவைக் கண்டவுடன் பயிற்சியை நிறுத்தி மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை அறிவதும் உதவியாளரின் கடமையே. நேற்றுவரை தூக்கிய பாதத்தை இன்று நோயாளியால் தூக்க இயலவில்லை என்றால், அதற்கான காரணத்தைக் கூறுவது உதவியாளரின் வேலையன்று. ஆனால் அன்றே அதனைச் சொல்வது அவருடைய வேலை.

தமிழகத்தில் ஒரு முன்மாதிரி: தொழுநோய் மறுவாழ்வு

உதவியாளரின் அளவீடு ஓர் உறுப்பைக் காக்கும் என்பதற்குத் தமிழகத்திலேயே தக்க சான்று உண்டு. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், மறு ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் இராபர்ட் காக்ரேனைச் சந்தித்தார். தொழுநோயாளரின் மடங்கிப்போன கைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தபோது, செயலிழப்பு மனம்போனபடி பரவவில்லை என்பது தெரியவந்தது. சில தசைகள் தொடர்ந்து செயலிழந்திருந்தன. முன்கையின் வேறு சில தசைகள் வலிமையோடு இருந்தன. வலிமையுள்ள தசையின் நாணை இடம்மாற்றிக் கையை மீண்டும் இயக்கும் அறுவை முறை இவ்வறிவின்மீதே எழுந்தது. கத்தியை எடுக்கும் முன்னர்த் தசைகளை எண்ணிச் சோதிக்கும் பணி முடிந்திருந்தது.

வேலூருக்கு அருகே கரிகிரியில் 1955இல் தொடங்கப்பெற்ற ஷிஃபலின் தொழுநோய் மையம், தொழுநோய்ப் பணிக்கான இயன்முறைத் தொழில்நுட்பர்களைப் பயிற்றுவித்த நிறுவனங்களுள் ஒன்றாகும். இத்தொழில்நுட்பர்கள் கற்ற சோதனைகள் எளிமையானவை. சுண்டுவிரலை வெளிப்புறமாக விரித்தல், கட்டைவிரலை மேல்நோக்கி உயர்த்தல், மணிக்கட்டை உயர்த்தல், பாதத்தை உயர்த்தல், கண்ணை இறுக மூடல் ஆகியவற்றைச் செய்யச் சொல்லி, ஒவ்வொன்றையும் வலிமை, தளர்ச்சி, செயலிழப்பு என மூன்று நிலைகளில் குறித்தல் வேண்டும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் குறிப்பிட்ட புள்ளிகளில் பேனா முனையால் மெல்லத் தொட்டு உணர்வைச் சோதித்தல் வேண்டும்.

இச்சோதனைகளின் பயன் அவற்றைத் திரும்பத் திரும்பச் செய்வதில் உள்ளது. நரம்புச் செயலிழப்பு ஏற்பட்டு ஆறு மாதங்களுக்குள் கண்டறியப்பட்டால் பிரெட்னிசோலோன் மருந்தால் அதனை மீட்கும் வாய்ப்பு மிகுதி. காலம் கடந்தால் அவ்வாய்ப்பு குறைந்துவிடும். சென்ற மாதம் ‘வலிமை’ எனக் குறிக்கப்பட்ட விரல் இம்மாதம் ‘தளர்ச்சி’ என மாறியதைக் கண்டு சொல்பவர் ஒரு கையைக் காப்பாற்றுகிறார். சென்ற மாதக் குறிப்பு இல்லையெனில் இம்மாத மாற்றத்தை அறிய வழியில்லை. முதல் அளவைப் பதிவு செய்யாத பயிற்சி எத்துணை சிறந்ததாயினும் அதன் பயனை நிறுவ இயலாது என்னும் பாடம் எல்லா இயன்முறைப் பணிகளுக்கும் பொருந்தும்.

அடிப்படை அளவீட்டுத் திறன்கள்

உயிர்நிலைக் குறிகள்: எந்தப் பயிற்சிக்கும் முன்னர் நாடித்துடிப்பு, மூச்சு வீதம், இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் குறித்தல் முதல் படியாகும். இரத்த அழுத்தம் அளக்கும் முன் நோயாளி ஐந்து நிமிடமேனும் அமைதியாக அமர்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்தும், பாதங்கள் தரையில் பதிந்தும், கால்கள் குறுக்கிடாமலும், கை இதய மட்டத்தில் தாங்கப்பட்டும் இருத்தல் வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். வீட்டுத் திண்ணையில் கால் தொங்க அமர்ந்தவரை அளக்கும்போது இவை எளிதில் மறக்கப்படுகின்றன.

மூட்டசைவு: கோணமானிக்கு ஒரு மையமும் இரு கரங்களும் உண்டு. முழங்காலை அளக்கையில் மையத்தைத் தொடையெலும்பின் கீழ்முனையில் வெளிப்புற முண்டின்மீது வைக்க வேண்டும். நிலையான கரம் இடுப்பின் பக்கவாட்டில் தட்டுப்படும் தொடையெலும்பின் பெருமுனைப்பை நோக்கியும், அசையும் கரம் வெளிக்கணுவை நோக்கியும் அமைய வேண்டும். மாணவர் முதலில் கற்க வேண்டியது இம்மூன்று எலும்பு அடையாளங்களையும் விரலால் தடவிக் கண்டறிவதாகும். அடையாளம் தவறினால் கருவி எவ்வளவு நன்றாக இருப்பினும் அளவு தவறும். நோயாளி தானாக மடக்கிய அளவையும் பிறர் மடக்கிவிட்ட அளவையும் தனித்தனியே குறித்தல் வேண்டும். முன்னது தசையின் ஆற்றலையும் சேர்த்துக் காட்டும். பின்னது மூட்டின் இடத்தைக் காட்டும்.

தசை வலிமை: இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இளம்பிள்ளை வாத நோயாளரைச் சோதிக்க இராபர்ட் லவட் வகுத்த தரநிலை முறையிலிருந்து இன்றைய கைவழித் தசைச் சோதனை வளர்ந்தது. பரவலாக வழங்கும் அளவையில் 0 முதல் 5 வரை ஆறு தரங்கள் உள்ளன. சுருக்கமே இல்லையெனில் 0. துடிப்பு மட்டும் தெரிந்தால் 1. புவியீர்ப்பு விலக்கிய நிலையில் அசைந்தால் 2. புவியீர்ப்பை எதிர்த்து அசைந்தால் 3. ஓரளவு எதிர்ப்பையும் தாங்கினால் 4. இயல்பான வலிமை 5. இவற்றுள் 3 என்னும் தரமே எல்லைக்கல்லாகும். அதற்குச் சான்று புவியீர்ப்பே. 4, 5 ஆகியவை சோதிப்பவரின் கைவலிமையைப் பொறுத்து மாறக்கூடியவை. ஆதலால் பாதிக்கப்படாத பக்கத்தை முதலில் சோதித்து, அதனை ஒப்புநிலையாகக் கொள்ளும் பழக்கம் வலியுறுத்தப்படுகிறது. தோள் தசை தளர்ந்தவர் கையை உயர்த்தச் சொன்னால் உடலை மறுபக்கம் சாய்த்துக் கையை உயர்த்துவார். இத்தகைய ஈட்டு அசைவைக் கண்டு தடுக்காவிடில் 2 என்னும் தரம் 3 எனப் பதிவாகிவிடும்.

சுற்றளவும் நீளமும்: தொடைத் தசையின் மெலிவையோ வீக்கத்தையோ அளவு நாடாவால் அளக்கையில், முழங்காற்சில்லின் மேல்விளிம்பிலிருந்து 10 செ.மீ. மேலே எனக் குறியிடத்தை முதலில் வரையறுத்து, இரு கால்களிலும் அதே இடத்தில் அளத்தல் வேண்டும். இக்கருத்து தமிழ் மருத்துவ மரபுக்குப் புதிதன்று. சித்த மருத்துவத்தின் மணிக்கடை நூல் முறையில் மணிக்கட்டிலிருந்து நான்கு விரற்கடை மேலே கையின் சுற்றளவை நூலால் அளந்து, நோயாளியின் விரற்கடையாலேயே கணக்கிடுவர். அதன் நோய்க்கணிப்பு வேறு நெறியைச் சார்ந்தது. எனினும் குறியிடத்தை முதலில் நிலைநிறுத்திய பின்னரே அளக்க வேண்டும் என்னும் ஒழுங்கு இரண்டிற்கும் பொதுவானது.

நடையும் செயல்திறனும்: 1991இல் பொட்சியாட்லோவும் ரிச்சர்ட்சனும் வெளியிட்ட எழுந்து நடக்கும் நேரச் சோதனைக்கு ஒரு நாற்காலியும் 3 மீட்டர் இடமும் ஒரு கடிகாரமும் போதும். எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமரும் நேரம் வினாடியில் குறிக்கப்படும். முதியவருக்கு 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் குறித்து எச்சரிக்கை கொள்வர். 1965இல் வெளியான பார்தல் அளவை, உண்ணுதல், குளித்தல், உடுத்தல், கழிப்பறைப் பயன்பாடு, படியேறல் முதலிய பத்துச் செயல்களை 100 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடுகிறது.

ஆயினும் இவ்வளவைகள் நாற்காலியில் வாழும் சமூகங்களில் பிறந்தவை. தரையில் சம்மணமிட்டு உண்பதும், குந்தி அமர்ந்து களையெடுப்பதும், குந்தும் கழிப்பறையைப் பயன்படுத்துவதும் அவற்றில் தனிக்கூறாக இல்லை. நாற்காலியிலிருந்து எழுவதற்கு முழங்கால் ஏறத்தாழ 90 முதல் 105 பாகை வரை மடங்கினால் போதும். குந்தி அமர்வதற்கு 110க்கும் மேல், பெரும்பாலும் 130 பாகையையும் தாண்டி மடங்க வேண்டும். 105 பாகை என்னும் ஒரே அளவு அலுவலகப் பணியாளருக்கு நிறைவாகவும், மலைக்கிராமத்து உழவருக்குத் தொழிலிழப்பாகவும் அமையலாம். எனவே நோயாளியின் வீட்டில் எச்செயல் இயலாமல் நின்றது என்பதை அளவோடு சேர்த்துக் குறித்தல் இன்றியமையாதது.

பிழையின் மூன்று வாயில்கள்

அளவீட்டுப் பிழை கருவி, அளப்பவர், அளக்கப்படுபவர் ஆகிய மூன்றின் வழியாக நுழைகிறது. நீண்டுபோன துணி நாடா, தளர்ந்த கோணமானித் திருகு ஆகியவை கருவிப் பிழைகள். கண்ணை அளவுகோலின் மட்டத்தில் வைக்காமை, முந்தைய அளவை நினைவில் கொண்டு அதற்கேற்ப வாசித்தல் ஆகியவை அளப்பவர் பிழைகள். காலை விறைப்பு, சோர்வு, அச்சம், மருந்துண்ட நேரம் ஆகியவை அளக்கப்படுபவரைச் சார்ந்தவை.

ஒருவரே இருமுறை அளந்தால் ஒரே விடை வருகிறதா, இருவர் அளந்தால் ஒரே விடை வருகிறதா என்னும் இரு சோதனைகளால் நம்பகத்தன்மை அறியப்படும். கோணமானி அளவில் 5 பாகைக்குட்பட்ட வேறுபாட்டை அளவீட்டுப் பிழையாகக் கொள்வது பொது வழக்கு. சென்ற வாரம் 92, இவ்வாரம் 95 என்றால் முன்னேற்றம் என மகிழ இடமில்லை. வலியை 0 முதல் 10 வரை எண்ணால் கூறும் முறையிலும் ஓர் எண் குறைவைவிட இரண்டு எண் குறைவே பொருளுள்ள மாற்றமாகக் கருதப்படுகிறது. இவ்வரம்பை அறியாத மாணவர் வெறும் ஏற்றயிறக்கத்தை நோயின் போக்கென எழுதிவிடுவார்.

மொழியும் அளவீடும்: எல்லைப் பகுதியின் தனிச்சிக்கல்

மேற்கூறிய சோதனைகள் பலவும் ஒரு சொல்லில் தொடங்குகின்றன. ‘தூக்குங்கள்’, ‘மடக்குங்கள்’, ‘எங்கே வலிக்கிறது’ என்னும் சொற்களை நோயாளி எவ்வாறு புரிந்துகொண்டார் என்பதே விடையைத் தீர்மானிக்கிறது. பாடநூல்கள் ஆங்கிலத்திலும் நோயாளிகள் தமிழிலும் இருக்கையில் இடைவெளி ஏற்படுவது இயல்பு. நாட்றாம்பாளையம் போன்ற எல்லையூர்களில் கன்னடமும் தெலுங்கும் சேர்வதால் அவ்விடைவெளி விரிகிறது.

முதற்சிக்கல் உறுப்புப் பெயர்களில் உள்ளது. தமிழில் ‘கால்’ என்பது தொடை முதல் பாதம் வரை முழுவதையும் குறிக்கும். ‘கை’ என்பது தோள் முதல் விரல்நுனி வரை குறிக்கும். கன்னடத்திலும் இவ்விரு சொற்களின் நிலை இதுவே. ஆங்கிலத்தில் பாதத்திற்கும் காலுக்கும் தனித்தனிச் சொற்கள் இருப்பதால், ‘கால் தூக்க முடியவில்லை’ என்னும் கூற்றை மாணவர் இடுப்பு மூட்டின் தளர்ச்சி என எழுதவும், உண்மையில் அது பாதத் தொய்வாக இருக்கவும் கூடும். ‘இடுப்பு’ என்பது பேச்சுவழக்கில் கீழ்முதுகு, இடுப்பெலும்பு, தொடை மூட்டு ஆகிய மூன்றையும் தழுவும். ‘இடுப்பு வலி’ என்பவர் பெரும்பாலும் கீழ்முதுகைத் தொட்டுக் காட்டுவார். ‘மூட்டு’ என்பது பொதுச்சொல்லாயினும் வழக்கில் முழங்காலையே சுட்டும். ஆகவே சொல்லை எழுதும் முன் ‘ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள்’ எனக் கேட்டல் அளவீட்டின் ஒரு படியாகவே கற்பிக்கத்தக்கது.

இரண்டாவது சிக்கல் வலிச் சொற்களில் உள்ளது. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், மதமதப்பு, மரத்துப்போதல், இழுத்துப்பிடித்தல் எனத் தமிழில் வலியின் தன்மைக்குச் செறிவான சொற்கள் உள்ளன. எரிச்சலும் மதமதப்பும் மரத்துப்போதலும் நரம்புப் பாதிப்பின் பக்கம் கவனத்தைத் திருப்புவன. இழுத்துப்பிடித்தல் தசையின் பக்கம் திருப்புவது. இவை அனைத்தையும் ‘வலி’ என ஒரே சொல்லாகச் சுருக்கி எண் மட்டும் குறிக்கும்போது மருத்துவருக்குத் தேவையான குறிப்பு அழிந்துவிடுகிறது. 1975இல் ரொனால்டு மெல்சாக் வெளியிட்ட மெக்கில் வலி வினாநிரல் சொற்களையே அளவீட்டுக் கருவியாக்கியது. அதன் அடிப்படை உணர்வு இங்கும் வேண்டும்: நோயாளியின் சொல்லை அவர் சொன்னவாறே எழுதுதல். கன்னடத்தில் வலி ‘நோவு’ எனவும் தெலுங்கில் ‘நொப்பி’ எனவும் வழங்குகிறது. தமிழிலும் ‘நோவு’ உண்டாதலால் பொதுச்சொல் புரிந்துவிடும். வலியின் வகையைச் சொல்லும் நுண்சொற்களே மொழிமாற்றத்தில் நழுவுகின்றன.

மூன்றாவது, உறவுமுறையும் மரியாதையும் சார்ந்தது. வயதில் இளைய மாணவர் கேட்கும்போது ‘பரவாயில்லை’ என்று கூறி வலியைக் குறைத்துச் சொல்லும் முதியவர் உண்டு. மகனோ மருமகளோ குறுக்கிட்டு விடை கூறுவதும் உண்டு. விடை நோயாளியுடையதா, உடனிருப்பவருடையதா என்பதைக் குறிப்பில் காட்ட வேண்டும். சொல்வதைவிடச் செய்து காட்டுதலும், பாதிக்கப்படாத பக்கத்தில் முதலில் செய்வித்தலும் மும்மொழிச் சூழலில் பிழையைக் குறைக்கும்.

பதிவும் கற்பித்தலும்

‘முழங்கால் ஓரளவு மடங்குகிறது’ என்னும் குறிப்பால் அடுத்து வருபவர்க்குப் பயனில்லை. எடுத்துக்காட்டாக, ‘மல்லாந்த நிலை, வலது முழங்கால், தானாக மடக்கல் 10 முதல் 95 பாகை, இறுதியில் முழங்காலின் உட்புறம் குத்தல், 6/10, இடது முழங்கால் 0 முதல் 135, குந்தி அமர இயலவில்லை’ என்னும் குறிப்பில் உடல்நிலை, பக்கம், அசைவின் வகை, அளவு, வலியின் இடமும் தன்மையும், ஒப்புநிலை, செயலிழப்பு ஆகிய அனைத்தும் அடங்கியுள்ளன. வட்டாரம் முழுவதற்கும் செல்ல வேண்டிய இயன்முறை மருத்துவர் ஒரு வீட்டிற்கு மீண்டும் வர நாட்கள் பல ஆகலாம். இடைப்பட்ட நாட்களில் அவருடைய கண்ணாக இருப்பது இக்குறிப்பே.

இத்திறன்களைக் கற்பிக்கையில் எலும்பு அடையாளங்களைச் சக மாணவர் உடலில் கண்டறிதல், ஒரே நபரை இருவர் தனித்தனியே அளந்து ஒப்பிடுதல், முந்தைய அளவை மறைத்து வைத்து மறு அளவு எடுத்தல், நோயாளியின் சொற்களை மாற்றாமல் எழுதுதல், மருத்துவருக்கு உடன் அறிவிக்க வேண்டிய குறிகளைப் பட்டியலிட்டு மனங்கொள்ளல் என்னும் வரிசை பொருத்தமாகும். இருவர் அளவும் வேறுபடும் இடமே கற்றலுக்குரிய இடம். வேறுபாடு எங்கே தோன்றியது என மாணவர் தேடும்போது குறியிடத்தின் அருமை விளங்கும்.

முடிவுரை

அளவீடு உதவியாளரின் பொறுப்பு. மதிப்பீடு மருத்துவரின் பொறுப்பு. ஆயினும் முன்னது செம்மையாக அமைந்தாலன்றிப் பின்னது அமையாது. கரிகிரியில் ஒரு விரலின் தளர்ச்சியைக் குறித்த எளிய மூன்று தரங்கள் கையிழப்பைத் தடுக்கும் கருவியாயின என்பதை வரலாறு காட்டுகிறது. மருத்துவம் இல்லந்தேடிச் செல்லும் இக்காலத்தில் அதே பொறுப்பு எல்லைப்புறக் கிராமங்களில் பணிபுரிவோரை வந்தடைந்துள்ளது. கோணமானியைப் பிடிக்கக் கற்பதோடு, ‘கால்’ என்றால் எது, ‘கடுப்பு’ என்றால் என்ன, நோயாளி எச்செயலை இழந்தார் என்பனவற்றைக் கேட்டறியக் கற்பதும் அப்பயிற்சியின் பகுதியாதல் வேண்டும். உடலுறுப்புப் பெயர்களையும் வலிச் சொற்களையும் வட்டார வழக்கோடு தொகுத்து, கன்னட, தெலுங்கு இணைகளுடன் பயிற்சி நூல்களில் சேர்ப்பது தமிழாய்வும் மருத்துவக் கல்வியும் இணைந்து செய்யத்தக்க பணியாகும்.